கௌதாரி விட்ட இறகு

செங்கோடன் தன் கையாலேயே செய்த நாட்டுத் துப்பாக்கியின் வாயில் மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து முடிப்பதற்குள் முயல் ஒரு பாத்திக் கீரையைத் தின்றுவிடும்.

அன்று கௌதாரியைச் சுட்டான். வழக்கம்போலக் குறி தவறியது. துப்பாக்கியை வீசி எறிந்தான்.

"நாளைக்கே கடையில புதுசு வாங்குறேன்!"

புதருக்குள் ஒளிந்திருந்த முயல், பக்கத்தில் பதுங்கியிருந்த கௌதாரியிடம் நகர்ந்தது. "அண்ணே, புதுசு விடாம சுடுமாமே!"

கௌதாரி பல்லைக் கடிக்காத குறையாகத் தன் வாலிலிருந்து மூன்று இறகுகளைப் பிடுங்கிக் காற்றில் விட்டது.

இறகைக் கண்ட செங்கோடன் ஓடிப்போய்த் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து முத்தமிட்டான். "அதானே, பட்டிருக்கு! கையால செஞ்சதாச்சே!"

"வலிச்சுதா அண்ணே?" என்றது முயல்.

"வலிக்காம? அடுத்த தடவை உன் முறை. வால்ல முடி இருக்கா பாரு."