நாற்பது விநாடி

மூன்றாம் முறையும் நாற்பது விநாடிதான் ஆனது.

வசுந்தரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைப் பார்த்தாள். திரையில் எல்லாம் வந்து, என்ன வேலை என்று கேட்காத குறையாக அது தயாராக நின்றது. இதைத்தான் நல்லகாமன் காலையில் மிஸ்டு கால் கொடுத்து, அவள் திரும்பக் கூப்பிட்டதும், “சரியில்ல பாப்பா” என்று சொல்லியிருந்தார்.

நல்லகாமனுக்கு வில்லாபுரத்தில் கல்யாணப் பத்திரிகைக் கடை. மாதிரிகள் எல்லாம் லேப்டாப்பில் இருக்கும். ஆள் வரும்போது போட்டுக் காட்டுவார், போனதும் அணைத்து வைப்பார். பூனாவில் வேலை பார்க்கும் மகள் ரோகிணி வாங்கிக் கொடுத்தது.

போன வாரம் வரை அது கண் விழிக்க ஒன்பது நிமிடம் ஆனது. நல்லகாமன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பக்கத்து ஸ்டுடியோக்காரர்தான் பார்க்கப் பொறுக்காமல் வசுந்தராவைக் கூட்டிவந்து விட்டார்.

உள்ளே பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டதும் பதினெட்டு புரோகிராம்கள் நான் முந்தி நீ முந்தி என்று கிளம்பின. ஜாதகத்துக்கு ஒன்று, தமிழ் அடிக்க மூன்று, எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட பிரிண்டருக்கு ஒன்று, திரையில் மீன் நீந்துவதற்கு ஒன்று. போதாக்குறைக்கு இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒன்றை ஒன்று திருடன் என்று நினைத்துக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன.

எது எது தானாகக் கிளம்பலாம் என்ற பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக டிக்கை எடுத்தாள். ஒன்பது நிமிடம் நாற்பது விநாடியாகச் சுருங்கியது. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, யாராவது தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்த்தாள். அத்தனை பெருமை.

அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் அவள் ஒருத்திதான். ஆண்கள் பார்த்தது மறுபடி கெட்டால், மெஷின் சரியில்லை என்பார்கள். அவள் பார்த்தது மறுபடி கெட்டால் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். இரண்டு வருடத்தில் அப்படிச் சொல்ல யாருக்கும் அவள் இடம் கொடுத்ததில்லை.

“நல்லாத்தானண்ணே ஓடுது. என்ன சரியில்ல?”

நல்லகாமன் மேசையின் இந்தப் பக்கம் இருந்த பத்திரிகைக் கட்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

“ஒண்ணுமில்ல பாப்பா. முன்ன மாதிரி இல்ல.”

அவளுக்குச் சுருக்கென்றது. எங்கே தப்பு விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் படியேறி வந்தார். அவனியாபுரத்திலிருந்து வருவதாகவும், பெயர் பேயாண்டி என்றும், மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்றும் சொன்னார்.

நல்லகாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை அணைத்தார். அணைத்ததை மறுபடி போட்டார். எதற்கு என்று கேட்க வசுந்தரா வாயெடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“இது எம் மக வாங்கிக் குடுத்ததுண்ணே. ஆறாப்பு படிக்கையில இந்தா இங்கன உக்காந்துக்கிட்டு, ஒரு பத்திரிகையப் பாத்துட்டு, அப்பா, இதுல தேதி சரி, கிழமை தப்புன்னா. நான் போட்டு அதட்டுனேன். அப்புறம் காலண்டர எடுத்துப் பாத்தா...”

“வந்துருச்சுண்ணே,” என்றார் பேயாண்டி, திரையைக் காட்டி. “பிள்ளையார் படம் போட்டதாக் காட்டுங்க.”

நல்லகாமனின் வாய் திறந்தபடி நின்றது. காலண்டரில் என்ன இருந்தது என்று பேயாண்டிக்குத் தெரியாமலே போனது. அவர் நாலு மாதிரி பார்த்தார், ஒன்றைப் பிடித்துக்கொண்டார், நாளைக்கு வீட்டாளோடு வாரேன் என்று இறங்கிப் போனார்.

ஆனால் வசுந்தராவுக்குத் தெரியும். போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இது எப்போது எழுந்திருக்கும் என்று காத்திருந்தபோது முழுக்கக் கேட்டிருந்தாள். கிழமை தப்பிய ஐந்நூறு பத்திரிகைகள் அச்சுக்குப் போகாமல் தப்பியது, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு, இன்டர்வியூவில் ரோகிணி சொன்ன பதில், கடைசியில் மதுரை ஜங்ஷனில் ஒற்றைப் பெட்டியோடு அவள் ரயில் ஏறியது. ரயில் கிளம்பவும் திரை வரவும் சரியாக இருந்தது.

அன்றைக்கு அவள் மெஷினைத்தான் கவனித்தாள்.

இப்போது லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பட்டியலைத் திறந்தாள். இனி இது ஆடி அசைந்துதான் எழும். யார் பார்த்தது என்று நாலு பேர் கேட்பார்கள். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

“எம்புட்டு நேரம் வேணும்ணே?”

நல்லகாமன் அவள் முகத்தைப் பார்க்காமல், பத்திரிகைக் கட்டைத் தட்டி அடுக்கினார்.

“ரோகிணி ரயில் ஏறுற வரைக்கும்.”

ஜாதகத்துக்கு டிக் போட்டாள். இல்லாத பிரிண்டருக்கும், தமிழ் அடிக்கும் மூன்றுக்கும், இன்னும் பத்துக்கும் போட்டாள். ஆன்டிவைரஸ் மட்டும் ஒன்று போதும் என்று விட்டாள். மீனையும் விட்டாள், அது சுத்த அநியாயம். அணைத்துப் போட்டுக் கடிகாரம் பார்த்தாள். எட்டு நிமிடம்.

பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது நல்லகாமன் தொண்டையைச் செருமினார்.

“இன்னும் ஒரு நிமிஷம் சேத்துப் போடு பாப்பா. இத நாப்பது செகண்டுல ஓடவச்ச பிள்ளை ஒண்ணு நம்ம ஊருல இருக்குன்னு சொல்லணும்ல.”

வசுந்தரா மறுபடி உட்கார்ந்து, மீனுக்கும் டிக் போட்டாள்.