தாராளமா வாங்க

மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே இருந்த ஏரியை ஒரு பனிப்பாளம் மூடிக் கிடந்தது. ரொம்ப நல்ல பாளம். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி அதற்குப் பழக்கமே கிடையாது.

காலையில் சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு நரி வந்தது. "என்னைத் தாங்குவியா?" என்று கேட்டது.

"தாராளமா வாங்க."

நரி சர்ரென்று சறுக்கி அக்கரை சேர்ந்தது. "உன்னை மாதிரி உண்டா!" என்று அங்கிருந்தே கத்தியது. பாளத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பின்னாலேயே கரடியும் பலகைகளோடு வந்தது. முதுகில் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. கரடி ஊன்றுகோலால் ஏரியின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தது.

"மூணு நாளா வெயில் அடிக்குது. கூசாமச் சொல்லு, எங்களைத் தாங்குவியா? இல்லேன்னா மலையைச் சுத்திக்கிட்டுப் போறோம்."

நடுவில் தான் நாலு விரல் கனம்கூட இல்லை என்பது பாளத்துக்குத் தெரியும். முடியாது என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அக்கரையில் நரி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, இதையெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு! வாங்க."

கரடி பத்தடி வந்தது, இருபதடி வந்தது. பாளம் மூச்சைப் பிடித்துக்கொண்டே கிடந்தது. நடு ஏரியில் அதன் அடிவயிற்றில் நறுக்கென்று ஒரு விரிசல் ஓடியது. கரடி அப்படியே நின்றுவிட்டது. குட்டி அதன் கழுத்தை இறுக்கிக்கொண்டது.

"என்ன சத்தம் அது? திரும்பிடட்டுமா?"

இப்போது திரும்பினால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். அதுவும் பாளத்துக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றது. "நீங்க பாட்டுக்கு வாங்க."