கறுப்பில் புள்ளிகள்

"எல்லாப் புள்ளியும் ஒரே அளவுல இருக்கா? அது வானம் இல்ல, சல்லடை" என்றாள்.

அவன் கணினித் திரையைப் பார்த்தான். சல்லடையேதான்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"பதறாதீங்க. பாதியை அழிச்சிடுங்க. மிச்சத்துல அஞ்சாறை மட்டும் பெருசாக்கி, லேசா மங்கலாக்குங்க."

அழித்தான். படங்களைத் திருத்துவது அவள் தொழில். அவனுக்கு மவுஸ் பிடிக்கவே வராது. ஆனால் மகளின் அறைச் சுவரில் ஒரு வானம் ஒட்டித் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும்.

"கீழ வர வர நட்சத்திரத்தைக் குறைங்க. தரைக்குப் பக்கத்துல வெளிச்சம் இருக்கும்ல?"

"எவ்வளவு குறைக்கிறது?"

"உங்க கண்ணே சொல்லும்."

"என் கண்ணு என்னத்தைச் சொல்லும்? நீ பண்ணிக் குடுத்தா அஞ்சு நிமிஷ வேலை."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அவ்வளவுதான், வானம் ரெடி. சேவ் பண்ணிக்குங்க. நிலா வைக்கிறதை அடுத்த வாரம் சொல்றேன்."

மாமியார் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா மாப்ள?"

"வானம் முடிஞ்சுது அத்தை."

"பாப்பா நிலாவும் கேட்டாளே."

"நிலாவை அவ சொல்லித் தரல."

வீடியோ நின்றிருந்தது. தன் மாணவர்களுக்காக அவள் பதிவு செய்த கடைசிப் பாடம் அது. பதிவு செய்த நாலாம் நாள் இறந்துபோனாள்.

மாமியார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்லருந்து போடுங்க மாப்ள. கொஞ்சம் சத்தமா."