சுறா வராத மூலை

ஷோகேஸில் மாதா சுரூபத்துக்கும் கண்ணாடிக் கப்பலுக்கும் நடுவில் அது சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

பகவதி முதலில் நம்பவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். உள்ளங்கை அளவு. வெளுத்துப்போன ஆரஞ்சு நிறம். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சிவப்புப் பொத்தான். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் திரை.

அதேதான்.

பெண் வீட்டு ஹாலில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. வெயில், துறைமுகம், ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பது எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டிருந்தது. தட்டில் மக்ரூன் யாரும் தொடாமல் இருந்தது. பெண்ணின் அப்பா அம்புரோஸ், துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். எட்டயபுரம் ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பகவதியின் கணவர் வேல்ராஜ், மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டாரையும் இப்படி எதிரெதிரே உட்காரவைத்த பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது வேலை செய்யுமா?" என்றாள் பகவதி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எதும்மா?" என்றான் மகன்.

"அந்தச் சுறா கேம்."

அம்புரோஸ் எழுந்தேவிட்டார். "உங்களுக்கு இது தெரியுமா? எங்கப்பா கப்பல்ல போயி, சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது. இந்த ஊருக்கே இது ஒண்ணுதான்னுல்லா நெனச்சேன்!"

இரண்டு இருந்தது.

பழைய ஹார்பர் வாசலில் பகவதியின் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்த காலத்தில், சாமான் வாங்க வந்த வெளிநாட்டுக் கப்பல்காரர் ஒருவர், கடையில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் கையில் சும்மா கொடுத்துவிட்டுப் போனது இன்னொன்று. ஒரு கோடை விடுமுறை முழுக்க அவள் அதை ஆடினாள். சாப்பிடும்போதும் ஆடினாள். பிறகு, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அண்ணன் திறந்தான். திறந்ததோடு சரி. மூடவே முடியவில்லை.

கல்யாணமாகி வந்த வீட்டில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

பேட்டரி இல்லையே என்று அம்புரோஸ் கையை விரித்தார். அதுவரை தலை நிமிராமல் இருந்த அவர் மகள் ஸ்டெபி விறுவிறுவென்று உள்ளே போனாள். ஒரு கால்குலேட்டரின் முதுகைக் கழற்றிக்கொண்டே வந்தாள். அதிலிருந்த பொத்தான் பேட்டரிகளை எடுத்து, கேமின் துருவை நகத்தால் சுரண்டிவிட்டு, உள்ளே போட்டாள்.

கீச்சென்றது.

திரையில் ஒரு குட்டிப் படகு. அதிலிருந்து கறுப்பாக ஓர் ஆள் கடலுக்குள் குதித்தான். கீழே சிப்பி. நடுவில் சுறா. சிப்பியைப் பொறுக்கிக்கொண்டு கடிபடாமல் படகேற வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

வீட்டுக்காரர் என்ற முறையில் அம்புரோஸ் முதலில் ஆடினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, படகோடு படகாகச் சாய்ந்து சாய்ந்து ஆடினார். ஆட்டம் முடிந்ததும், இதற்குமேல் இந்த வீட்டில் ஒருவரும் போனதில்லை என்று சொல்லி நீட்டினார்.

பகவதி வாங்கினாள். முதலில் இறங்கிய ஆளைச் சுறா தின்றது. அடுத்தவனையும் தின்றது. ஓர் ஆள்தான் பாக்கி. அப்போதுதான் கட்டைவிரல்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

டிக், டிக், டிக். வேகம் கூடிக்கொண்டே போனது. வேல்ராஜ் மின்விசிறியை மறந்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார். காபியோடு வந்த ஸ்டெபியின் அம்மா பிளாரன்ஸ் அப்படியே நின்றாள். ஸ்டெபி சோபாவுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். தன்னை அறியாமல் பகவதியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சுறா திரும்பியது. பகவதி ஆளை மேலே ஏற்றாமல் இடது மூலைக்குக் கொண்டுபோனாள்.

"அங்கன போவாதிய சம்மந்தி! செத்தோம்!" என்று கத்தினார் அம்புரோஸ்.

கத்திய பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. பிளாரன்ஸ் கணவரை முறைத்தாள். வேல்ராஜ் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

பகவதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த மூலைக்குச் சுறா வராது சம்மந்தி" என்றாள்.

வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு வந்த சுறா பாதியிலேயே திரும்பிப் போனது. இத்தனை வருஷம் வைத்திருந்தும் அம்புரோஸுக்குத் தெரியாத மூலை அது. "அய்யோ!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸ்டெபி கைதட்டினாள். பிறகு தோளைப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்து, கூச்சத்தோடு விலகப் போனாள். பகவதி கொஞ்சம் நகர்ந்து சோபாவில் இடம் விட்டாள்.

"இங்கன உக்காரு. உனக்கும் சொல்லித் தாரேன்."

அதன்பிறகு அது கை மாறிக்கொண்டே இருந்தது. காபி ஆறிப்போனது. மக்ரூன் தட்டு காலியானது. தான் கண்ணாடி போடாமல் ஆடித் தோற்ற ஆட்டம் செல்லாது என்று அம்புரோஸ் வாசல்வரை வந்து வாதாடினார். அப்படியானால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அதையும் கொண்டுவாருங்கள் என்றாள் பகவதி.

திரும்பும்போது மகன்தான் கார் ஓட்டினான். ரேடியோவைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டு ஓட்டினான்.

பின்சீட்டில் வேல்ராஜ் மனைவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏளா, இந்தச் சம்மந்தம் வேண்டாம்னு சொல்லிட்டு வரத்தான போனோம்?"

"மெல்லப் பேசுங்க" என்றாள் பகவதி. "பிள்ளைக்குக் கேட்டுரும்."