நாலாவது தட்டு

"இந்த மெஷினும் சரியில்லம்மா. நாலாவது தட்டுல அவசரப்படுது" என்றார் அப்பா, கிடாரை மடியில் சாய்த்துக்கொண்டு.

"மெஷின் அவசரப்படலப்பா. நான்தான் அவசரப்படறேன்" என்றாள் மகள். "எங்க கல்யாணத்துக்கு எப்பத்தான் தேதி வைப்பீங்க?"

"தாளம் வரட்டும்."

"அது வர்றதுக்குள்ள எனக்கு நரை வந்துடும்."

விஷயம் இதுதான். ஒரே மகள் கல்யாணத்தில் தன் கையால் கிடார் வாசிக்கப்போவதாக அப்பா ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். தாளம் சுத்தமாக வந்த பிறகுதான் தேதி குறிப்பேன் என்று ஒரு கொக்கியையும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் டக், டக், டக், டக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோம் மெஷின் அடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று தட்டு வரை அப்பாவின் கம்பி அதோடு கைகோத்துப் போகும். நாலாவது தட்டு விழுந்து, அது போய்ச் சேர்ந்த பிறகு, சாவகாசமாக அப்பா வருவார்.

தையல் கடையில் கத்தரியைப் பிடித்தால் நூலிழை பிசகாத மனுஷன். கிடாரைப் பிடித்தால் இந்தக் கதி. மட்டம் என்று அவர் ஒதுக்கிய மெட்ரோனோம்கள் அலமாரியில் தூங்குகின்றன.

"இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு சுவத்துப் பல்லிக்கே தாளம் வந்துடுச்சு" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. "உங்களுக்கு மட்டும் வரமாட்டேங்குது."

அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளுக்குத்தான் அழுகை முட்டியது. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் அவன் கிளம்பியாக வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்பது அப்பாவின் நாலாவது தட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிறவன். கையில் சின்னதாக ஒரு பெட்டி.

"கடை மெஷின் எல்லாம் உங்களுக்குச் சரிப்படாது மாமா. இதை நானே செஞ்சேன். வாசிச்சுப் பாருங்க."

"என்ன தம்பி, சோப்பு டப்பா மாதிரி இருக்கு" என்று அலட்சியமாகக் கம்பியைத் தட்டினார் அப்பா.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது தட்டும் அப்பாவின் கம்பியோடு ஒட்டிக்கொண்டு விழுந்தது.

அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. மறுபடி வாசித்தார். மறுபடியும் சரி. வேர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். இம்மியும் பிசகவில்லை.

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "அடேயப்பா, ஒருவழியா வந்துடுச்சே."

"இல்ல... இது எப்படி..." அப்பா பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எங்கேயாவது தப்பு விழுதா மாமா? விழுந்தா சொல்லுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்றான் அவன், அநியாயத்துக்குப் பணிவாக.

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"அடுத்த மாசமே வெச்சுக்கலாம்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர்தான் என்று மகள் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன மாயம் பண்ணின?"

"மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல. அது மெட்ரோனோமே இல்ல. கம்பி சத்தம் கேட்டதும் 'டக்'குன்னு அடிக்கும், அவ்வளவுதான். உங்கப்பா எப்படி வாசிச்சாலும் அதுக்குச் சரிதான்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாவம்டா அவர். தாளம் தெரியாத மனுஷனை இப்படியா ஏமாத்துவ? கல்யாணத்தன்னிக்கு ஊரே சிரிக்கும்."

"சிரிக்காது, அசந்துடும். போன வாரம் அவர் வாசிச்சதை போன்ல பதிவு பண்ணி, கடையில உக்காந்து அளந்து பார்த்தேன். தாளம் தெரியாதவங்க ஒரு தடவை முந்துவாங்க, ஒரு தடவை பிந்துவாங்க. உங்கப்பா அத்தனை தடவையும் ஒரே அளவு பிந்தறார். அவ்வளவு அளவாத் தப்பு பண்ண பெரிய வித்வானாலதான் முடியும். உன்னை அனுப்ப மனசு வரல, அதைச் சொல்லவும் வாய் வரல. நாலாவது தட்டைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டார்."

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள்.

"அப்படின்னா அந்தப் பெட்டி புளுகுதுன்னு அப்பாவுக்கு முதல் தடவையே தெரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவார்? பெட்டி தப்புன்னு சொன்னா, சரியான தாளம் அவருக்குத் தெரியும்னு ஆயிடுமே."