பத்தாவது குழந்தை

வள்ளிக்கண்ணுவின் குடிசையில் தொட்டிலைக் காணோம். விட்டத்தில் வெறும் கயிறுதான் தொங்கிக்கொண்டிருந்தது. அரவிந்தவல்லி குடிசை முழுக்கக் கண்ணால் தேடினாள்.

"எங்கேம்மா குழந்தை?"

"ஏது கொழந்தை? எனக்குப் புள்ளையே கெடையாதுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் வள்ளிக்கண்ணு.

அரவிந்தவல்லி, ஸ்ரீரங்கத்தில் ஒரு சங்கத்தார் நடத்தும் பிரசவ நிலையத்தில் பயிற்சி மாணவி. நிலையத்தால் ஊருக்கு நன்மை உண்டா என்று விசாரித்து எழுதுவதுதான் அவளுக்குப் பரீட்சை. இந்த வருஷம் அங்கே பிறந்த பத்துக் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

எட்டு சௌக்கியமாக இருந்தன. ஒன்று வைசூரியில் போய்விட்டது. இன்னொன்றும் போயிருந்தால் நிலையத்தை இழுத்து மூடுவதென்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் கூட்டம்.

அதுகூடப் போகட்டும். இந்தப் பத்தாவது அவள் கையில் பிறந்தது. வீட்டிலே பெற்ற மூன்றையும் கொள்ளிடக்கரையில் புதைத்தவள் வள்ளிக்கண்ணு. "இந்தத் தடவை எங்ககிட்ட வாம்மா, நான் பொறுப்பு" என்று காலில் விழாத குறையாக அழைத்துப் போனவள் அரவிந்தவல்லிதான். பொறுப்பாம் பொறுப்பு!

"என்னாச்சுன்னு சொல்லும்மா. ஜுரமா? பேதியா?"

"ஒண்ணும் ஆவலீங்க. புள்ளப் பேச்சை எடுக்காம போங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. பெருமாளே, குழந்தை போயும் பால் வற்றவில்லையே என்று நினைத்துக்கொண்டாள் அரவிந்தவல்லி.

'கண்ணால் பார்த்ததை எழுது, காதால் கேட்டதை எழுதாதே' என்று சகாயம்மாள் டீச்சர் வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொள்வார். இதில் பார்க்க இன்னும் என்ன இருக்கிறது?

வாசலுக்கு வந்து நோட்டைப் பிரித்தாள். 'சௌக்கியம்' என்று எழுதிவிட்டால்தான் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? மனசு வரவில்லை. 'மரணம்' என்று எழுதினாள். கண்ணீர் விழுந்து எழுத்து கலங்கியது.

அடுத்த வீட்டிலிருந்து ரங்கநாயகி வெளியே வந்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகக் குழந்தை இல்லாதவள் அவள். இடுப்பிலோ கொழுகொழுவென்று ஒரு குழந்தை!

"இது யார் குழந்தை?"

"என்னுதுதாங்க" என்றாள் ரங்கநாயகி, கூசாமல்.

குழந்தை வீரிட்டு அழுதது. அவ்வளவுதான், குடிசைக்குள்ளிருந்து ஓடிவந்தாள் வள்ளிக்கண்ணு. வெடுக்கென்று வாங்கி, மடியில் போட்டு, முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகை நின்றது.

"அடிப்பாவி! குழந்தையே இல்லேன்னியே?" என்று கத்திவிட்டாள் அரவிந்தவல்லி.

வள்ளிக்கண்ணு பதறிப்போய் விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா, எமனுக்குக் கேட்டுடப் போவுது! மூணு போனதால இதை அக்காவுக்கு ஒரு மொறம் தவிட்டுக்கு வித்துட்டேன். பால் மட்டுந்தான் என்னுது."