ஒரே விலாசம்

வாளிக்குள் அமுக்கப்போன சட்டை அவள் கையில் அதிர்ந்தது.

பையில் கணவனின் போன். குளிக்கப் போனாலும் கையோடு கொண்டுபோகிறவன், இன்று அவசரத்தில் சட்டையோடு கழற்றிப் போட்டுவிட்டான்.

திரையில் ‘பிளம்பர்’ என்று வந்தது.

குழாய் ஒழுகினால் வீட்டு ஓனர்தான் ஆள் அனுப்புவார். இவனுக்கு எதற்குப் பிளம்பர்?

கொஞ்ச மாதங்களாகவே இப்படித்தான். போன் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறான். கெஞ்சுகிறானா, கொஞ்சுகிறானா என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. திரும்பி வரும்போது முகத்தில் ரத்தம் இருக்காது.

லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். முன்பெல்லாம் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு எப்படி அலறினார்கள் என்று நடித்துக் காட்டி அவளை வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பான். இப்போது வீட்டில் வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்தான்.

அக்காவிடம் சொன்னாள். அக்கா யோசிக்கவே இல்லை.

“கட்டினவன் போனோட பாத்ரூமுக்குப் போனா அதுக்கு ஒரே அர்த்தம்தான்டி.”

அன்றிலிருந்து கண்ணில் படாத ஒரு பெண் வீட்டுக்குள் குடிவந்துவிட்டாள். அவளுடைய உயரம், நடை, சிரிப்பு எல்லாம் இவளுக்குத் தெரியும். வீட்டுச் செலவுக்கு அவன் தருவது குறையக் குறைய, அது எங்கே செருப்பாகவும் சென்ட்டாகவும் போகிறது என்பதும் தெரியும்.

சில நாள் அழுதாள். சில நாள், அவன் தப்பு பெரிதாக இருக்கட்டும், மலை மாதிரி இருக்கட்டும் என்றுகூட நினைத்தாள். ஏன் அப்படி நினைத்தாள் என்பதை அக்காவிடமும் சொல்லவில்லை.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஈரக் கையை நைட்டியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். பேசாமல் காதில் வைத்தாள்.

ஆண் குரல்.

“என்ன சார், சம்பளம் ஏறிடுச்சாமே? உங்க ஆபீஸ்லேயே கேட்டுட்டேன். போன தடவை குடுத்தது வட்டிக்கே சரியாப் போச்சு, அசல் அப்படியே நிக்குது. இன்னிக்கு வரலைன்னா வீட்டுக்கே ஆள் வரும் சார். உங்க வீட்டம்மா முன்னாடி நின்னு கேப்பாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

கடன். இத்தனை நாளும் வீட்டுக்குள் இருந்தது கடன்.

அழுவதா சிரிப்பதா என்று அவள் தீர்மானிப்பதற்குள் அந்தக் குரல் ஒருமுறை உச்சுக்கொட்டியது.

அந்த உச்சுக்கொட்டலை அவளுக்குத் தெரியும். ‘வாங்க போங்க’ என்று தொடங்கும் அந்தக் குரல் எந்த இடத்தில் ‘வா போ’ என்று இறங்கும், அதற்கும் கீழே எந்த வார்த்தைக்குப் போகும் என்பதுவரை தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் அது அவளையும் கூப்பிடும். அவள் வேலை செய்யும் மருந்துக்கடையின் பின்னறையில், குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே நின்றுதான் பேசுவாள்.

கணவனுக்குச் சம்பளம் தள்ளிப்போன ஒரு மாதம் வாடகைக்காக வாங்கிய கடன். உட்கார்ந்த இடத்தில், போனிலேயே கிடைத்தது. தன் சம்பளம் வந்ததும் அடைத்துவிடலாம், அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தாள். சம்பளம் வந்தபோது அது இரண்டு மடங்காகியிருந்தது. அடைக்க இன்னொன்று வாங்கினாள்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார் என்று அவள் அழாத நாள் இல்லை. அவளை மிரட்ட அவன். அவனை மிரட்ட அவள்.

போனை வைத்திருக்கலாம். ஆனால் வாய் பழகிப்போயிருந்தது.

“இன்னும் ரெண்டு நாள் மட்டும் குடுங்க சார்.”

அந்தப் பக்கம் கணினியில் எதையோ தட்டும் சத்தம்.

“மெடிக்கல் ஷாப் அம்மாவா?”

அவள் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அட, ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம்! நல்லதாப் போச்சும்மா, ஒரே அலைச்சல்ல முடிஞ்சிடும். மத்தியானம் ஆள் வரும். ரெண்டு பேரும் வீட்ல இருங்க.”

வைத்துவிட்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. துண்டோடு வந்தவன் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அப்படியே நின்றான்.

“யாரு? என்ன சொன்னாங்க?”

“எடுக்கிறதுக்குள்ள கட் ஆயிடுச்சு. பிளம்பர்னு வந்துச்சு.”

அவனுக்கு மூச்சு வந்தது. கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எப்போதோ மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பிப்பது போலச் சொன்னான்.

“ஒரு பொண்ணு. லிஃப்ட் பார்க்கப் போற இடத்துல வேலை பண்றா. கொஞ்ச நாளாப் பழக்கம். விட்டுடறேன். என்னை மன்னிச்சிடு.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்ல வராத முகம். காது மடல்கள் சிவந்திருந்தன.

கடன் விஷயம் தெரியும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்து தன்னுடையதையும் சொல்ல வேண்டும். எப்படியும் மத்தியானம் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டின் நுனியை இழுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

“அழகா இருப்பாளா?” என்று கேட்டாள்.